பழைய ஜோபோ கலர் பிரிண்ட் ப்ராசஸரைச் சரிசெய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜோபோ ப்ராசஸர் என்பது என்ன? அது என்ன வேலை செய்கிறது?

கலர் போட்டோவை வீட்டு இருட்டறையிலேயே பிரிண்ட் போட்டவர்களுக்காக ஜெர்மனியில் செய்யப்பட்ட இயந்திரம். ஜோபோ நிறுவனம் 1923இல் கும்மர்ஸ்பாக் நகரில் தொடங்கியது. நிறுவியவர் பெயர் யோஹானஸ் போக்கெம்யூல். அவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்ததுதான் 'ஜோபோ'. இங்கே நான் சொல்லப்போவது அவர்களுடைய சிபிஈ-2, சிபிபி-2 என்ற இரண்டு மாடல்களைப் பற்றி. சிபிஈ சின்னது, சிபிபி பெரியது.

அமைப்பு எளிமையானதுதான். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர். அதில் ரசாயன பாட்டில்கள் கழுத்தளவு நிற்கும். பக்கத்தில் ஒரு டிரம் தண்ணீரில் பாதி மிதந்தபடி படுத்துச் சுற்றும். டிரம்முக்குள் போட்டோ தாள் சுருண்டு சுவரோடு ஒட்டியிருக்கும். மோட்டார் கொஞ்ச நேரம் ஒரு பக்கம், கொஞ்ச நேரம் மறுபக்கம் என்று மாறி மாறிச் சுற்றுவதால், ஊற்றிய 50 மி.லி. டெவலப்பரே (படத்தைத் தாளில் வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) தாள் முழுவதையும் நனைத்துக்கொண்டிருக்கும். தாளை டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டால் விளக்கைப் போட்டுக்கொண்டே மிச்ச வேலையைச் செய்யலாம்.

கலர் பிரிண்ட்டை டிரேயிலேயே போடலாம் என்கிறார்களே, இயந்திரம் எதற்கு?

போடலாம். இன்றைய கலர் தாளுக்கான முறைக்கு ஆர்ஏ-4 என்று பெயர். அதன் டெவலப்பரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுத்து அறை வெப்பத்திலேயே பயன்படுத்துகிறவர்கள் நிறைய. ஆனால் டிரே முறையில் முழு இருட்டில் நின்று வேலை செய்ய வேண்டும், திறந்த டிரேயில் டெவலப்பர் சீக்கிரம் கெடும், பிளிக்ஸின் (வெள்ளியைக் கரைத்துப் படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) நெடி அறை முழுக்க நிற்கும். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. கலர் பிரிண்ட் என்பது திருத்தித் திருத்திப் போடும் வேலை. முதல் பிரிண்ட்டைப் பார்த்து, என்லார்ஜரில் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) மஞ்சள் ஃபில்டரையும் மெஜந்தா ஃபில்டரையும் ஐந்து ஐந்து புள்ளியாக மாற்றி அடுத்ததைப் போடுகிறோம். அடுத்த பிரிண்ட்டில் தெரியும் மாற்றம் ஃபில்டரால் வந்ததா, டெவலப்பர் ஆறிப்போனதால் வந்ததா என்று தெரியாவிட்டால் தாள்தான் வீணாகும். அந்தச் சந்தேகத்தை ஒழிப்பதுதான் இயந்திரத்தின் வேலை. சீரமைக்கும்போதும் மாற்றம் செய்யும்போதும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழையதை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தொட்டியில் விரிசல் இருக்கிறதா, மோட்டார் அச்சு கையால் திருப்பினால் சுற்றுகிறதா, டிரம்களும் அவற்றின் மூடிகளும் முழுசாக இருக்கின்றனவா. இந்த மூன்றும் போதும். ஹீட்டர், தெர்மோஸ்டாட், சர்க்யூட் போர்டு எதுவும் வேலை செய்யாவிட்டாலும் கவலையில்லை, அதற்கெல்லாம் வழி உண்டு. டிரம்தான் எளிதில் கிடைக்காத பொருள். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து கல்லாகியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

டிரம்களில் பெயர் குழப்பம் வரும். 1500, 2500 வரிசை ஃபிலிமுக்கு. 2800 வரிசைதான் தாளுக்கு. உள்சுவரில் தாளைப் பிடித்துக்கொள்ள நீளவாக்கில் மேடுகள் இருக்கும். 3000 வரிசை ஷீட் ஃபிலிமுக்கான கனமான டிரம். பழைய மோட்டார் அதன் எடையைத் தாங்குமா என்று பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. சுவிட்சைப் போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். ஹீட்டர் மேல் எழுதியிருக்கும் வாட்டைப் பாருங்கள். 230 வோல்ட்டில் 600 வாட் என்றால் இரண்டு முனைக்கும் இடையே சுமார் 88 ஓம் காட்ட வேண்டும், 300 வாட் என்றால் 176. முடிவில்லாத அளவு காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. அடுத்து ஹீட்டர் முனைக்கும் அதன் உலோக உறைக்கும் இடையே கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு மல்டிமீட்டர் போதாது. மோட்டார் வைண்டிங் கடை எதிலும் 500 வோல்ட் மெகர் (மின்கசிவைச் சோதிக்கும் மீட்டர்) இருக்கும், கொண்டுபோனால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த ஹீட்டரை மறந்துவிடுங்கள்.

அப்புறம் மூடியைத் திருகி உள்ளே பாருங்கள். மின்சாரம் நுழையும் இடத்தில், பழைய ஐரோப்பியச் சாதனங்கள் பலவற்றில், மஞ்சள் கண்ணாடி போன்ற உறையில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். உள்ளே உலோகம் பூசிய காகிதம். வருடக்கணக்கில் ஈரம் இழுத்து அதன் உறை மெல்லிய கோடுகளாக வெடித்திருக்கும். மின்சாரம் கொடுத்த பத்தாவது நிமிடம் புகையும் நாற்றமுமாக வெடிக்கும். கோடு தெரிந்தால் யோசிக்காமல் கழற்றி, அதே அளவு எக்ஸ்-2 வகை கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவையுங்கள்.

இதெல்லாம் முடிந்து, தொட்டியில் தண்ணீர் நிரப்பிய பிறகுதான் சுவிட்ச். தண்ணீர் இல்லாமல் ஹீட்டரை ஓடவிட்டால் ஓரிரு நிமிடத்தில் அதன் கதை முடிந்துவிடும்.

இருட்டறை லைனில் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் தானே அறுத்துவிடும் சுவிட்ச்) கட்டாயம் இருக்க வேண்டும். ஈரக்கை, வெந்நீர்த் தொட்டி, மெயின்ஸ் மின்சாரம் எல்லாம் ஒரே மேஜையில் இருக்கின்றன. எர்த் சரியில்லாத வீட்டில் இந்த இயந்திரத்தை ஓட்டாதீர்கள். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இயந்திரம் காத்திருக்கும்.

தொட்டியெல்லாம் கறை, வெள்ளைப் படிவு, பாசி. எப்படிச் சுத்தம் செய்வது?

மூடிக்கிடந்த ஒரு ஸ்டுடியோவின் பரணிலிருந்துதான் என் இயந்திரம் வந்தது. தொட்டியின் அடியில் மூன்று விதமான அழுக்கு. ஹீட்டரைச் சுற்றிச் சுண்ணாம்புபோல வெள்ளைப் படிவு. அது போர் தண்ணீரின் உப்பு. மூலைகளில் பழுப்பான பிசின். அது கெட்டுப்போன டெவலப்பர். பாட்டில் நிற்கும் குழிகளில் துருநிறத் தூள். அது காய்ந்த பிளிக்ஸ். ஒவ்வொன்றுக்கும் வேறு மருந்து.

உப்புக்கு சிட்ரிக் ஆசிட். லிட்டருக்கு 50 கிராம், வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஒரு இரவு ஊறவிட்டால், காலையில் படிவு துணிபட்டதும் உதிரும். கத்தியால் சுரண்ட வேண்டாம். ஹீட்டர் உறையில் கீறல் விழுந்தால் அங்கேதான் ஓட்டை வரும். டெவலப்பர் பிசினுக்குச் சூடான சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் பொறுமையும்தான். முழுக்கப் போகாது. கறை மட்டும் மிஞ்சினால் விட்டுவிடுங்கள், அதனால் பிரிண்ட்டுக்கு ஒன்றும் ஆகாது.

பாசிக்கு பிளீச்சிங் பவுடர் போடத்தான் எல்லாருக்கும் கை போகும். தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். பிளிக்ஸில் அம்மோனியம் உப்புகள் இருக்கின்றன. காய்ந்த பிளிக்ஸ் மேல் பிளீச்சிங் பவுடர் பட்டால் குளோரமீன் என்ற நச்சு வாயு வரும். சிட்ரிக் ஆசிட் மிச்சமிருக்கும் தொட்டியில் போட்டாலோ குளோரினே வரும். சின்ன அறையில், ஜன்னல் அடைத்த இருட்டறையில், இது விளையாட்டில்லை. பிளிக்ஸ் தூளை வெறும் தண்ணீரால் நாலைந்து முறை கழுவி, ஆசிட் வேலையை முடித்து, மறுபடி கழுவி, மொட்டைமாடியில் வைத்துத்தான் பிளீச்சைத் தொட வேண்டும். என்னைக் கேட்டால் பிளீச்சே வேண்டாம். நாலு நாள் நல்ல வெயிலில் காயவிட்டுத் தேய்த்தாலே பாசி போய்விடும்.

தொட்டியின் உடம்பை அசிட்டோன், தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள். பிளாஸ்டிக் இளகிவிடும்.

தொட்டியில் விரிசல் இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் அதே இளகும் குணத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோனில் போட்டுக் கூழாக்கி, விரிசலின் இரு முனையிலும் சின்னத் துளை போட்டு, வெளிப்புறமிருந்து அடைத்து இரண்டு நாள் காயவிடுங்கள். துளை போடுவது விரிசல் மேலே ஓடாமல் நிற்பதற்கு. பிவிசி பைப் ஒட்டும் பசை இதற்குச் சரிவராது.

மோட்டார் ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிறது. அல்லது திணறுகிறது. காரணம்?

ஒரு பக்கம் மட்டும் சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, திசை மாற்றும் பகுதிதான் கெட்டிருக்கிறது என்று பொருள். ரிலேயின் முனைகள் கருகியிருக்கும், அல்லது நேரத்தைக் கணக்கிடும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். இரண்டும் சில்லறைச் செலவு.

திணறினால் முதலில் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். என் இயந்திரத்தில் அது தேய்ந்து இரண்டு மி.மீ. மிச்சம் இருந்தது. சரியான அளவு கிடைக்கவில்லை. டிரில் மிஷின் பிரஷ்ஷை வாங்கி, உப்புத்தாளைத் தட்டையான கண்ணாடிமேல் விரித்து, பிரஷ்ஷை எட்டு வடிவில் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தேன். ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம். விரலெல்லாம் கரி. கூட்டுக்குள் போட்டால் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும், ஆனால் ஆடக்கூடாது. அந்த அளவு வரும்வரை நிறுத்தக்கூடாது. பிறகு தாமிர வளையத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, சுமை இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். முதலில் கரகரவென்ற சத்தம், பத்து நிமிடத்தில் சீராகிவிட்டது.

மோட்டார் சுற்றியும் டிரம் சுற்றவில்லை என்றால் பிடிப்பைப் பாருங்கள். லிஃப்ட் (டிரம்மைக் கழற்றாமலே ஊற்றிக் கொட்ட உதவும் கைப்பிடி) இல்லாத இயந்திரத்தில் டிரம்மின் அடியிலிருக்கும் காந்தம் மோட்டார் அச்சின் காந்தத்தோடு ஒட்டிச் சுற்றுகிறது. காந்த வட்டு உரிந்து விழுந்திருக்கும், ஒட்டினால் போதும். லிஃப்ட் உள்ளதில் பல்சக்கரம்; அதில் ஒரு பல் உடைந்தால்கூட ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குலுக்கல் வரும். உடைந்த சக்கரத்தை அளந்து வரைந்து, 3டி பிரிண்டரில் நைலானில் செய்து மாட்டியவர்கள் உண்டு.

மோட்டாரையே மாற்ற வேண்டி வந்தால் 12 அல்லது 24 வோல்ட் டிசி கியர் மோட்டார் போடுங்கள். வேகம் நிமிடத்துக்கு 75 சுற்று வரை போகட்டும், குறைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கட்டும். திசை மாற்ற, நிரல் எழுதி ஓட்டும் சின்ன போர்டான அர்டுயினோ ஒன்றும் மோட்டார் டிரைவர் போர்டும் போதும். திசை மாறும்போது அரை விநாடி நின்று மாறும்படி எழுதுங்கள். சட்டென்று திருப்பினால் பற்கள்தான் அடிவாங்கும்.

தெர்மோஸ்டாட்டில் 38 என்று வைத்தால் 38 இருக்குமா?

நம்ப வேண்டாம். 30, 40 வருடம் ஆன குமிழில் இருக்கும் எண் அந்தக் காலத்து எண். அதைவிட, அந்த எண் தொட்டித் தண்ணீருக்கானது. நமக்கு வேண்டியது டிரம்முக்குள் இருக்கும் டெவலப்பரின் வெப்பம். இரண்டுக்கும் நடுவில் பாட்டிலின் சுவர், டிரம்மின் சுவர், ஊற்றும்போது படும் காற்று எல்லாம் இருக்கின்றன.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? நெகட்டிவ் ஃபிலிமுக்கான சி-41 முறையில் டெவலப்பர் 37.8 டிகிரியில் இருக்க வேண்டும், விலகல் 0.15 டிகிரிக்குள். தாளுக்கு இவ்வளவு கண்டிப்பு இல்லை. ஆர்ஏ-4 டெவலப்பர் 35 டிகிரியில் 45 விநாடியில் ஏறக்குறைய வேலையை முடித்துவிடும். ஒரு நிமிடம் கொடுத்தால் சின்னச் சின்ன விலகல் எல்லாம் அதிலேயே அமுங்கிவிடும். இயந்திரம் எதற்கு என்று முடிவுசெய்த பிறகுதான் செலவுசெய்ய வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். தாள் மட்டும் என்றால் பழைய தெர்மோஸ்டாட்டே போதும், வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொண்டால் சரி.

அளக்க எந்த தெர்மாமீட்டர்? வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர்தான் நம்மிடம் இருப்பதிலேயே நம்பகமானது. 35 முதல் 42 டிகிரி வரை பத்தில் ஒரு பங்கு டிகிரியைச் சொல்வதற்கென்றே செய்தது, நமக்கு வேண்டியதும் அதே எல்லை. தொட்டியில் காய்ச்சல் தெர்மாமீட்டரையும் இருட்டறை தெர்மாமீட்டரையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்டு, வித்தியாசத்தை மார்க்கரால் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அடுத்து ஒரு மாலை முழுக்க வெறும் தண்ணீரில் ஒத்திகை. டெவலப்பர் பாட்டிலில் தண்ணீர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தொட்டி, பாட்டில் இரண்டையும் அளந்து எழுதுங்கள். தொட்டி 38ஐ எட்டியதற்கும் பாட்டில் அதைத் தொட்டதற்கும் நடுவில் எனக்கு ஐம்பது நிமிடம் ஆனது. இயந்திரம் சூடாகிவிட்டது என்று நினைத்து நான் முதலில் போட்ட பிரிண்ட்களில் கருப்பு ஏன் நீலம் கலந்து தெரிந்தது என்று அந்த அட்டவணையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. கலர் தாளில் மஞ்சள் உருவாகும் அடுக்கு அடியில் இருக்கிறது. டெவலப்பர் ஆறியிருந்தால் அதுதான் முதலில் பட்டினி கிடக்கும்.

தெர்மோஸ்டாட் செத்துவிட்டது. எதைப் போடலாம்?

இரண்டு வழி இருக்கிறது. சுலபமானது, சமையலுக்கு விற்கும் சூ-வீட் குச்சி. வெந்நீரில் இறைச்சியைப் பக்குவம் பார்த்து வேகவைக்கும் சாதனம். ஹீட்டர், பம்ப், கட்டுப்பாடு மூன்றும் ஒன்றுக்குள் இருக்கும். தொட்டி ஓரத்தில் கவ்வ வைத்தால் தண்ணீரைச் சுழற்றியபடி ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்திவிடும். இயந்திரத்தின் உள்ளே எதையும் வெட்ட வேண்டாம், நாளைக்கே கழற்றிவிடலாம். அதற்குக் குறைந்தபட்ச நீர்மட்டம் எவ்வளவு வேண்டும் என்று மட்டும் வாங்குமுன் பாருங்கள். ஜோபோ தொட்டி ஆழம் குறைவானது.

இரண்டாவது, பிஐடி கன்ட்ரோலர். வெப்பத்தை அளந்து ஹீட்டருக்குப் போகும் மின்சாரத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவி. வெப்பம் அளக்கும் பிடி-100 சென்சர் ஒன்று, ஹீட்டரைப் போட்டு நிறுத்தும் மின்னணு சுவிட்சான சாலிட் ஸ்டேட் ரிலே ஒன்று, பழைய ஹீட்டரே போதும். ஆட்டோ-டியூன் போட்டு அரைமணி விட்டால் தானே கற்றுக்கொள்ளும். சென்சரை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காமல் பாட்டில்கள் நிற்கும் இடத்தில் வையுங்கள். தண்ணீர் சுழலாவிட்டால் எந்த பிஐடியாலும் பயனில்லை; பம்ப் ஓடுகிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். மீன்தொட்டி பம்ப் போடுவதாக இருந்தால் எவ்வளவு வெப்பம் தாங்கும் என்று அட்டையில் பாருங்கள். 35 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்று பலவற்றில் எழுதியிருக்கும்.

இதில் நான் பட்ட ஒரு அடியைச் சொல்ல வேண்டும். சாலிட் ஸ்டேட் ரிலே கெட்டால் பெரும்பாலும் மூடிய நிலையில் கெடும். அதாவது கன்ட்ரோலர் 'போதும்' என்று சொன்ன பிறகும் ஹீட்டருக்கு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் தொட்டியைச் சூடாக்க வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். பேச்சு நீண்டுவிட்டது. திரும்பி வந்தபோது கதவைத் திறந்ததுமே முகத்தில் ஆவி அடித்தது. தண்ணீர் 61 டிகிரி. கன்ட்ரோலரில் சிவப்பு எண் மின்னிக்கொண்டிருந்தது, ரிலே கேட்கவில்லை. ஒரு பாட்டில் இடுப்பு வளைந்து சாய்ந்துவிட்டது, அதிலிருந்த டெவலப்பரைக் கொட்ட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஹீட்டர் லைனில் தனியாக 50 டிகிரியில் அறுத்துவிடும் தெர்மல் கட்-ஆஃப் ஒன்று இருக்கிறது. சின்னப் பொருள்தான். கன்ட்ரோலரோடு சேர்த்தே இதையும் வாங்குங்கள். ரிலேவை அலுமினிய ஹீட் சிங்க்கில் திருகிப் பொருத்துங்கள்.

நம் ஊர் வெயிலில் தண்ணீரே சூடாக வருகிறதே, இந்த இயந்திரம் சரிப்படுமா?

கலருக்கு நம் வெப்பம் உதவிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 15 லிட்டர் தண்ணீரை 28இலிருந்து 38க்குக் கொண்டுபோக 600 வாட் ஹீட்டருக்கு ஏறக்குறைய 17 நிமிடம் போதும். ஜெர்மன் குளிர்காலத்துக் குழாய்த் தண்ணீர் 10 டிகிரியில் வந்தால் 50 நிமிடம்.

சிக்கல் வேறு இடத்தில். சிபிபி-2இல் தண்ணீர் அதிகம் சூடானால் குளிர்ந்த நீரை உள்ளே விடும் சோலனாய்டு வால்வு உண்டு. அது ஐரோப்பியக் குழாயின் அழுத்தத்தை நம்பிச் செய்தது. நம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு மூன்று மீட்டர் உயரத்துக்கு 0.3 பார்தான் அழுத்தம். வால்வு 'டக்' என்று திறக்கும், தண்ணீர் சொட்டும். மே மாதத்தில் அந்தத் தண்ணீரும் குளிர்ந்ததாக இருக்காது. நான் அந்த வால்வைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டேன். கருப்பு வெள்ளை ஃபிலிமை 24 டிகிரியில் கழுவ வேண்டிய நாளில் ஐஸ் வாட்டர் பாட்டில்களைத் தொட்டியில் போடுகிறேன். இதைவிட நல்ல வழி எனக்கு அகப்படவில்லை.

போர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஆர்ஓ தண்ணீரோ மழைநீரோ ஊற்றினால் உப்பு பிடிக்காது.

அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் இயந்திரத்தை இங்கே ஓட்டலாமா?

ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். 600 வாட் ஹீட்டருக்கு 1000 விஏ வேண்டும். நேரடியாக 230இல் சொருகினால் ஹீட்டர் கிட்டத்தட்ட நாலு மடங்கு சக்தியை இழுத்து அப்போதே கருகும். இங்கே 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஏசி பம்ப் கொஞ்சம் மெதுவாக ஓடும்.

லிஃப்ட் அவசியமா?

லிஃப்ட் என்பது டிரம்மைக் கழற்றாமலே ரசாயனத்தை ஊற்றவும் கொட்டவும் உதவும் கைப்பிடி. ஒரு நாளைக்கு இரண்டு பிரிண்ட் போடுகிறவருக்கு வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து போட்டால் தோளுக்கு அருமை தெரியும். பழைய லிஃப்டில் குழாய்தான் பிரச்சினை. உள்ளே காய்ந்த பிளிக்ஸ் ஒட்டியிருந்தால் அடுத்த டெவலப்பரில் கலக்கும், சில சொட்டு கலந்தாலே நிறம் கெட்டுவிடும். குழாயை சிலிக்கோன் டியூபாக மாற்றிவிடுங்கள். ஓ-ரிங்குக்கு வாசலைன் தடவாதீர்கள், சில வகை ரப்பர் ஊதிவிடும். சிலிக்கோன் கிரீஸ் போடுங்கள்.

பிரிண்ட்டின் ஒரு ஓரம் மட்டும் வேறு நிறமாக வருகிறது. இயந்திரக் கோளாறா?

பத்தில் எட்டு முறை மேஜைக் கோளாறு. டிரம்மின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். 50 மி.லி. என்பது மெல்லிய ஏடுபோல ஓடும் அளவு. டிரம் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கத் தாள் காய்ந்துபோகும். என் மேஜையின் ஒரு காலுக்கு அடியில் மடித்து வைத்த அட்டைத் துண்டு இன்னும் இருக்கிறது. மட்டம் சரியாக இருந்தும் திட்டு வந்தால் 8×10 அங்குலத் தாளுக்கு 50 மி.லி.க்குப் பதில் 80 ஊற்றுங்கள்.

நான் செய்யும் வரிசை இது. டிரம்முக்குள் 35 டிகிரித் தண்ணீர் அரை நிமிடம், கொட்டு. டெவலப்பர் ஒரு நிமிடம். டெவலப்பரின் வேலையை நிறுத்தும் நீர்த்த அசிட்டிக் ஆசிட் ஸ்டாப் பாத் அரை நிமிடம், ஒரு கழுவல். பிளிக்ஸ் ஒரு நிமிடம். பிறகு தண்ணீர் இரண்டு நிமிடம், மாற்றி மாற்றி. ஸ்டாப் பாத்தை விட்டுவிட்டால் வெள்ளை ஓரத்தில் இளஞ்சிவப்பு கறை விழும். ஈரத் தாளைப் பார்த்து நிறத்தை முடிவுசெய்யாதீர்கள். ஈரத்தில் ஒரு பால் போன்ற நீலம் படர்ந்திருக்கும், ஹேர் டிரையரில் காய்ந்தால்தான் உண்மை நிறம்.

ஒவ்வொரு பிரிண்ட்டுக்கும் நடுவில் டிரம்மையும் மூடியையும் நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். ஈர டிரம்மில் தாள் ஒட்டிக்கொண்டு உள்ளே போகாது. இருட்டில் அதோடு போராடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

என்னிடம் இருப்பது ஜோபோ இல்லை, உருளைகள் வழியாகத் தாளை இழுத்துச் செல்லும் மேஜை இயந்திரம். இதெல்லாம் பொருந்துமா?

சுத்தம், மின்சாரம், வெப்பம் எல்லாம் பொருந்தும். கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள். ஆர்ஏ-4க்கு முன்னால் ஈபி-2 என்ற முறை இருந்தது. அதில் டெவலப்பர் சுமார் 33 டிகிரி, மூன்றரை நிமிடம். அந்தக் காலத்து உருளை இயந்திரத்தின் வேகம் அதற்கேற்ப அமைந்தது. அதில் ஆர்ஏ-4 தாளைவிட்டால் தேவைக்கு மூன்று நான்கு மடங்கு நேரம் டெவலப்பரில் கிடக்கும். ஓட்டும் பல்சக்கரத்தை மாற்றி அல்லது வேகம் மாற்றக்கூடிய மோட்டார் போட்டு நேரத்தைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் வெப்பத்தைக் குறைத்து ஓட்டிப் பார்க்கலாம்.

உருளை இயந்திரத்தின் எதிரி காய்ந்த ரசாயனம். வேலை முடிந்த இரவே அடுக்குகளைத் தூக்கி வெந்நீரில் கழுவ வேண்டும். ஒரு இரவு சோம்பினால் உருளையில் படிகம் நின்று மறுநாள் ஒவ்வொரு பிரிண்ட்டிலும் நேர்கோடாகக் கீறும். தொட்டிகளை நிரப்ப லிட்டர் கணக்கில் டெவலப்பர் வேண்டும் என்பதால், எப்போதாவது பிரிண்ட் போடுகிறவருக்கு டிரம் முறைதான் கட்டுப்படியாகும்.

தாளும் ரசாயனமும் இப்போது எங்கே கிடைக்கும்?

கல்யாண ஆல்பம் அச்சிடும் கலர் லேப்களில். அங்கே ஓடுவதும் இதே ஆர்ஏ-4தான். தாள் சுருளாக வரும். மிஞ்சிய சுருள் முனையைக் கேட்டு வாங்கி, முழு இருட்டில் வெட்டிக்கொள்ளலாம். ரசாயனம் பெரிய கேன்களில் வருவதால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பிரித்துக்கொள்வது நல்லது. டெவலப்பரைக் கழுத்துவரை நிரப்பிய சின்ன கண்ணாடி பாட்டில்களில் வைத்தால் காற்றுப் படாமல் மாதக்கணக்கில் நிற்கும். லேப்புக்கு வருவது பெரும்பாலும் ரெப்ளினிஷர், அதாவது ஓடும் இயந்திரத்தில் தீரும் டெவலப்பரை ஈடுகட்ட ஊற்றும் கரைசல். அதில் ஸ்டார்ட்டர் என்று தனியாக விற்கும் கரைசலைச் சேர்த்தால்தான் வேலை செய்யும் டெவலப்பர் ஆகும்.

சிவப்பு விளக்கு வைக்கலாமா?

கூடாது. சிவப்பு கருப்பு வெள்ளைத் தாளுக்குத்தான். கலர் தாள் ஓரளவு பொறுத்துக்கொள்வது 590 நானோமீட்டர் சுற்றியுள்ள மங்கலான ஆம்பர் ஒளியை மட்டுமே. டிரம்முக்குள் தாளைப் போடும் அரை நிமிடத்துக்காக அந்த ஆபத்தும் வேண்டாம், இருட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

கையுறை அவசியமா? பயன்படுத்திய ரசாயனத்தை என்ன செய்வது?

அவசியம். கலர் டெவலப்பரில் இருக்கும் சிடி-3 என்ற ரசாயனம் தோலில் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை வந்தால் பிறகு கொஞ்சம் பட்டாலும் அரிக்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள், ஓட்டையானால் உடனே மாற்றுங்கள். பயன்படுத்திய பிளிக்ஸில் வெள்ளி கரைந்திருக்கும். அதைச் சாக்கடையிலோ கிணற்றுப் பக்கமோ கொட்டாதீர்கள். கேனில் சேர்த்து, வெள்ளி பிரித்தெடுக்கிறவர்களுக்கு அனுப்பும் கலர் லேப்பில் கொடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் இயந்திரத்தை எப்படி வைக்க வேண்டும்?

தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். பம்பை வெறும் காற்றில் ஓட்டி வற்றவைக்காதீர்கள், சாய்த்து வடியுங்கள். பாட்டில்களை வெளியே எடுத்துத் தொட்டியைத் துணியால் துடைத்து, மூடாமல் காயவிடுங்கள். டிரம் மூடிகளை இறுக்கி வைத்தால் ரப்பர் அமுங்கிப்போகும். மூடாமல் பக்கத்திலேயே வையுங்கள். மாதக்கணக்கில் பிரிண்ட் போடாவிட்டாலும் மாதம் ஒரு முறை மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.